பழுது எதுவும் இல்லை

அப்பாக்களுக்கான ஓட்டப்பந்தயத்தைக் கண்டுபிடித்த மகானுக்கு எங்கோ ஒரு எலும்பு மருத்துவமனை சொந்தமாக இருந்திருக்க வேண்டும். மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் அதை வைத்தார்கள். முப்பதே மீட்டர். எனக்கு நாற்பத்தேழு வயது. பதினொரு வருடமாக ஒரே நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றியவன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. இருந்தாலும் மகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறாள் என்றதும் ரோஷம் வந்துவிட்டது.

பத்தாவது மீட்டரில் யாரோ பின்னாலிருந்து என் இடது குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள். சத்தம்கூடக் கேட்டது. விழுந்த வேகத்தில் திரும்பி, பின்னால் வந்த மருந்துக்கடைக்காரரைப் பள்ளி மைதானத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையால் திட்டினேன். பாவம், அவர் ஆறடி தள்ளி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் உதைக்கவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது. மருத்துவர் அதற்குக் குதிநாண் என்று பெயர் சொன்னார். வீட்டில் எல்லோரும் நரம்பு என்றார்கள். மகள் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "நீ கடைசியாக்கூட வரலப்பா. வரவே இல்ல."

தைத்தார்கள். பத்து வாரம் காலை முழங்கால் உயர பிளாஸ்டிக் பூட்ஸுக்குள் பூட்டி வைத்தார்கள். நான் கூடத்தில் படுத்துக்கொண்டு நாட்களை எண்ணினேன். எண்ணுவதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் டிப்போவில் ஒரு விதி. ஓட்டுநர் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் போனால், அவர் வண்டி ஆறு மாதம் அவர் பெயரிலேயே இருக்கும். இன்னொருவர் தற்காலிகமாக ஓட்டுவார். ஆறு மாதத்துக்குள் டிப்போ மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கிவிட்டால் வண்டி திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அது ஓட்டுகிறவர் பெயருக்கே போய்விடும். திரும்பி வருகிறவர் உபரி ஓட்டுநர் பட்டியலில் நின்று, அன்றன்றைக்கு எது மிஞ்சுகிறதோ அதை ஓட்ட வேண்டும். உபரி ஓட்டுநருக்குச் சொந்தமாக ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. தினமும் யாரோ ஒருவர் உயரத்துக்குத் திருப்பி வைத்த கண்ணாடியில் யாரோ ஒருவர் பார்த்த சாலையைப் பார்க்க வேண்டியதுதான்.

என் வண்டியை என்னிடம் கொடுத்தபோது அது புதிது, நானும் கிட்டத்தட்டப் புதிது. எந்த வேகத்தடையில் அது எப்படி முனகும் என்று எனக்குத் தெரியும். மனைவி தைத்துக் கொடுத்த நீல மெத்தை ஒன்று இருக்கையில் என் அளவுக்குக் குழிந்திருந்தது. அதில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வேறொருவன் யார் என்று தெரிந்தபோது வயிறு இன்னும் நன்றாக எரிந்தது. பேனாவிடம் கொடுத்திருந்தார்கள்.

பேனா என்பது டிப்போவே சேர்ந்து வைத்த பெயர். ஒவ்வொரு வண்டியிலும் தடித்த பதிவேடு ஒன்று இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும்முன் அன்றைய தேதிக்கு நேராக என்ன பழுது என்று எழுத வேண்டும். எழுதினால் வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போகும். போனால் எப்போது வரும் என்று ஒர்க்ஷாப்பைக் கட்டியவருக்கே தெரியாது. அதுவரை இருக்கை பின்னால் சாயாத, ஜன்னல் மூடாத ஒரு மாற்று வண்டியைத் தலையில் கட்டுவார்கள். அதனால் விவரம் தெரிந்த ஓட்டுநர் எவனும் எழுத மாட்டான். "பழுது எதுவும் இல்லை" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவது எங்களுக்குக் கைவந்த கலை. பேனா மட்டும் தினமும் வண்டியைச் சுற்றி வந்து, வைப்பர் ரப்பர் பிய்ந்திருக்கிறது, மூன்றாம் படியில் திருகாணி ஆடுகிறது என்று பரீட்சை எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருப்பான். நாங்கள் அவனை ஓட்டி ஓட்டியே பொழுதைக் கழித்தோம்.

என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். பிரேக், டயர் என்றால் நானும் எழுதுவேன், கொலைகாரன் இல்லை. எனக்கு மட்டும் வலிக்கிற பழுதுகளை எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

பூட்ஸ் கழன்றதும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார்கள். என்னைவிட இருபது வயது சின்னவர். பேச்சில் மட்டும் தலைமையாசிரியை. என் கெண்டைக்காலை அளந்து பார்த்து, வலது காலைவிட மூன்று சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது என்றார். டிப்போ மருத்துவர் என்ன சோதிப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இடது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழும்பி இறங்க வேண்டும். இருபது முறை. கிளட்ச் மிதிக்கிற கால் என்பதால் பத்தொன்பதுக்கெல்லாம் மதிப்பில்லை. அதற்கு எடை தூக்கிப் பழக வேண்டும், எடைகள் என் கிளினிக்கில் இல்லை, ஒரு ஜிம்மில் சேருங்கள் என்றார்.

ஜிம் என்றதும் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தம்பி, அதாவது என் மச்சான், ஒரு ஜிம் நடத்துகிறான். கால் சரியில்லாதவர்கள் வந்துபோக வசதியாக அது இரண்டாவது மாடியில், கைப்பிடி இல்லாத நாற்பத்திரண்டு படிகளுக்கு மேலே இருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தொப்பை எனக்கு முன்னால் போய் நின்றது. ரப்பர் விரிப்பு வாசனை, துவைக்காத துண்டு வாசனை, பாட்டு என்ற பெயரில் மண்டையில் ஆணி அடிக்கிற சத்தம். ஒருவர் தன் புஜத்தைத் தானே போட்டோ எடுத்து, திருப்தியில்லாமல் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பெண் யாரையும் பார்க்காமல் என் எடையளவு இரும்பைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜிம்மில் உருப்படியாக வேலை பார்த்தது அவள் ஒருத்திதான்.

மச்சான் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்லவன்தான். பிசியோ கொடுத்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பயந்தவர்களுக்கு எழுதுவது என்று தள்ளிவைத்தான். வலி என்பது உடம்பு சொல்கிற பொய்யாம். அவனுக்கு இதுவரை ஒரு நகக்கண்கூடக் கிழிந்ததில்லை.

அந்தத் தாளில்தான் என் விதி இருந்தது. கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். தேதி, எடை, எத்தனை முறை, கடைசியில் வலி எவ்வளவு என்று ஒரு கட்டம். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மூன்று வரை இருந்தால் அடுத்த வாரம் எடை கூட்டலாம். நான்கு, ஐந்து என்றால் அதே எடை. அதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும். தைத்த இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேறு வழியில்லை, நீங்கள் எழுதுகிற நம்பரை நம்பித்தான் நான் எடை ஏற்றுவேன் என்று இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

தேதி போட்ட தாள், தினமும் ஒரு வரி, உண்மையை எழுதினால் வண்டி நின்றுவிடும். பதினொரு வருட அனுபவம் சும்மா போகுமா? திங்கட்கிழமை காலையிலேயே உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு என்று வாரத்தையே முடித்துவிட்டேன். எல்லாம் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே இரண்டு போட்டதைச் சொந்த மூளை என்றே சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அது பெரிய பொய்யும் இல்லை. இரண்டு காலாலும் எழும்பி இறங்கினேன், சும்மா இழுத்துப் பிடித்தது. பிறகு ஒற்றைக் கால். பிறகு பத்து கிலோ, இருபது கிலோ. தோள்மேல் இரண்டு பட்டைகள் அழுத்தும், முன்பாதம் ஒரு கட்டையின் விளிம்பில் இருக்கும், குதிகால் அந்தரத்தில் தொங்கும். கீழே இறங்கும்போது தைத்த இடத்தை யாரோ சூடு வைத்துத் தடவுவதுபோல இருக்கும். நான்கு இருக்கும், சில நாள் ஐந்து. நான் இரண்டு என்றே எழுதினேன். பிசியோ தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எடை கூடியது. மச்சான் சுவரில் வெள்ளைப் பலகை வைத்து, யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று எழுதுவான். அதில் மாமா என்று தலைப்பு போட்டு என் எடையையும் எழுத ஆரம்பித்தான். ஓரத்தில் ஒரு சின்ன பேருந்துப் படம் வேறு.

அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. பலகையைப் பார்க்காமல் எனக்கு அந்த இடத்தை விட்டு வர முடியவில்லை. நாற்பத்தேழு வயதில் மனிதனுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அங்கே தட்டினார்கள்.

வீட்டில் ஒருத்தி தட்டவில்லை. என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகள் அவள் மேசைக்கு வரும். தையல் விட்டிருந்தால், பொத்தான் கோணியிருந்தால், அந்த இடத்தில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு அம்புக்குறி ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். தப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்குகிற ஒருத்தியிடம் நான் என் காலை மறைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வலிக்கிறதா என்று கேட்பாள். தினமும் இல்லை என்பேன். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள்.

மருத்துவப் பரிசோதனைக்கு நான்கு நாள் இருந்தபோது மச்சான் அறுபது கிலோ ஏற்றினான். முந்தின வாரம் ஐம்பது. பிசியோ ஐம்பத்தைந்து என்றுதான் எழுதியிருந்தார். பலகையில் ஐம்பத்தைந்து என்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று மச்சான் நினைத்தான், நானும் அதையேதான் நினைத்தேன். ஒன்பதாவது முறை இறங்கும்போது குதிகாலுக்கு மேலே கொதிக்கிற தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது. மச்சான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். மீதியையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். வலிக்கிறதா மாமா என்றான். சேச்சே என்றேன். புஜத்துக்காரர் உட்பட எல்லோரும் தட்டினார்கள்.

அன்று தாளில் இரண்டு என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை, அதுதான் பயிற்சி.

மறுநாள் காலை வீட்டு மாடிப்படியில் நேராக இறங்க முடியவில்லை. பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே மனைவி டிபன் பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலியா என்றாள். இல்லை, இப்படி இறங்கினால் இடுப்புக்கு நல்லது என்று பிசியோ சொன்னார் என்றேன். அவள் டிபன் பெட்டியைக் கடைசிப் படியில் வைத்தாள்.

"சட்டையில தப்பு இருந்தா அது வாயத் தெறந்து சொல்லாது. அதுக்குத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க," என்றாள். "உங்களுக்கு வாய் இருக்குல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன தெரியும், இன்னும் மூன்று நாளில் வண்டி போய்விடும், பதினொரு வருடம் என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் பிசியோவிடம் போகவில்லை. போனில் நம்பர் கேட்டார். இரண்டு என்றேன். என் தாளை மற்ற நோயாளிகளுக்கு உதாரணமாகக் காட்டப்போவதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். பிறகு மூன்று நாளும் ஐஸ் கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கூடத்தில் யாரும் இல்லாதபோது சுவரைப் பிடித்துச் செய்து பார்த்தேன். உயிர் போனாலும் இருபதை எட்டிவிடலாம் என்று தோன்றியது.

பரிசோதனையன்று காலை மனைவி லீவு போட்டிருந்தாள். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, அவளே ஐஸ் வைத்தாள், அவளே காலைத் துடைத்தாள், அவளே காலுறையும் மாட்டிவிட்டாள். கல்யாணமான பதினைந்து வருடத்தில் இல்லாத கரிசனம். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டிப்போ மருத்துவரின் அறை டிக்கெட் இயந்திரங்கள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு எடை பார்க்கும் கருவி, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை. மேசைமேல் என் கோப்பு, அதன்மேல் பிசியோவின் தாள். மருத்துவர் அதைப் புரட்டிவிட்டு, அருமை, இந்த மாதிரி நம்பரை நான் பார்த்ததே இல்லை என்றார். காலுறையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

கழற்றினேன். குதிகாலுக்கு நான்கு விரல் மேலே, சரியாக அந்தப் புடைப்பைப் பார்த்து, ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

மருத்துவர் குனிந்து பார்த்தார். இது என்ன என்றார்.

பதில் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. வீட்டில் கிடந்தது சார், தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பிய்த்துப் போட்டுவிட்டு இருபது முறை எழும்பினால் என் வண்டி எனக்கு. நான் அந்த அம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகு நேர்த்தியாக, ஒரு பக்கம்கூடக் கோணாமல் ஒட்டியிருந்தாள். அறுநூறு சட்டைக்கு நடுவே ஒரு சட்டையை எடுத்துத் தனியாக வைப்பதுபோல என்னை எடுத்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டிப்போ மருத்துவர் முன்னால், ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

"பழுது அங்கதான் சார் இருக்கு," என்றேன்.

அவர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"ஏழு."

இத்தனை வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மையான நம்பர் அது. அவர் தாளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தையல் பக்கத்தில் கிழிய ஆரம்பித்திருக்கும், இன்று இருபது முறை எழும்பியிருந்தால் மறுபடி அறுத்துத் தைக்க வேண்டி வந்திருக்கும், இரண்டாவது தடவை தைத்த காலை வைத்துக்கொண்டு யாரும் பேருந்து ஓட்டுவதில்லை என்றார். இன்னும் மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்தில் பதினொரு வருட வண்டி போயிற்று. அம்பைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மெத்தையையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நொண்டிக்கொண்டே போனேன். என் வண்டி மதிய ஓய்வில் நின்றிருந்தது. பேனா படியில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டான். மெத்தையை அவன் உபயோகிக்கவே இல்லை. உறை போட்டு இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தான். அவன்மேல் கோபப்படுவதற்கு இருந்த கடைசிக் காரணமும் போயிற்று.

ஒரு நிமிடம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி என் இருக்கையில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் இடது கால் கிளட்சுக்குப் போனது. வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கிளட்ச் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கீழே போய்விட்டது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். என் வண்டியின் கிளட்ச் அப்படிக் கிடையாது. மூன்று வருடமாக அதை இடுப்பிலிருந்து பலம் கொடுத்து மிதித்தால்தான் போகும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை.

பேனா ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டதில் துளிக்கூடக் கிண்டல் இல்லை.

"எப்படிண்ணே இத்தனை நாள் அதை மிதிச்சீங்க? எனக்கு முதல் நாளே கால் வீங்கிடுச்சு."

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் வண்டியை எடுத்த முதல் நாள் குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தான், கிளட்ச் மிகவும் கனம் என்று. அதற்குக் கீழே ஒர்க்ஷாப்காரர் பச்சை மையில் பதில் எழுதியிருந்தார். கிளட்ச் பூஸ்டர் மாற்றப்பட்டது, நாற்பது நிமிடம். அந்த வரிக்கு முந்தின பக்கங்களைப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து. பழுது எதுவும் இல்லை, பழுது எதுவும் இல்லை, பழுது எதுவும் இல்லை. மூன்று வருடம் என் இடது காலை நானே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மருந்துக்கடைக்காரரைத் திட்டியது ரொம்பத் தப்பு.

கிளட்ச் முதன்முதலில் கனத்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள். அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். சட்டைப்பையிலிருந்து அம்பை எடுத்து, அங்கே நான் எழுதியிருந்த வரியைப் பார்த்து, கோணாமல் ஒட்டினேன். ஒட்டும் பசை இன்னும் மிச்சமிருந்தது.

மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் படியிலேயே கால் சுண்டி இழுத்தது. பேனா பக்கத்தில் நின்றிருந்தான்.

"வலிக்குதுப்பா," என்றேன். "கொஞ்சம் கை குடு."